வளைந்த காலோடு வளர்ந்த வில்லியம் லிட்டில்: பெருமூளை வாதத்தை உலகுக்கு விளக்கிய மருத்துவர்

எம்ஆர்டி நிலையத்திலோ கடைத்தொகுதியிலோ அப்படி ஒரு பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடக்கும்போது முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். குதிகால் தரையில் படாது, நுனிக்காலில்தான் நடை. காலணிக்குள்ளிருந்து கெண்டைக்கால் வரை ஒரு பிளாஸ்டிக் தாங்கி. முன்னால் ஒரு வாக்கர். பக்கத்தில் அம்மா.

பார்ப்போம், சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்வோம். முறைச்சுப் பார்க்கக்கூடாது என்று சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா?

அந்த நடைக்குப் பெரும்பாலும் காரணம் செரிப்ரல் பால்சி. தமிழில் பெருமூளை வாதம். உலகில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 பேருக்கு அது இருக்கிறது. பிள்ளைகளின் உடலசைவைப் பாதிக்கும் குறைபாடுகளில் ஆகப் பரவலானது அதுதான்.

அந்தப் பிள்ளைகளைக் கண்ணைத் திருப்பாமல் பார்த்த மருத்துவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டு லண்டனில் இருந்தார். முழங்கால் எப்படி மடங்குகிறது, குதிகால் ஏன் தூக்கிக்கொள்கிறது, பேச்சு ஏன் தடுமாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். அவர் பெயர் வில்லியம் ஜான் லிட்டில். பல காலம் அந்த நிலைக்கே லிட்டில் நோய் என்றுதான் பெயர். இன்றும் சில நாடுகளின் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதுண்டு.

அவருக்கே ஒரு கால் வளைந்திருந்தது. அங்கிருந்தே தொடங்குவோம்.

விடுதிக்காரர் வீட்டுப் பிள்ளை

லிட்டில் பிறந்தது 1810 ஆகஸ்ட் 7. லண்டனின் கிழக்கே ஆல்ட்கேட் வட்டாரத்தில் அவருடைய குடும்பம் ஒரு விடுதி நடத்திவந்தது. பணக்காரக் குடும்பம் அல்ல, பசியும் இல்லை. சின்ன வயசில் அம்மை, கக்குவான் என்று வரிசையாக நோய்கள். அவற்றோடு இன்னொன்றும் வந்தது. காய்ச்சல் தணிந்தபோது அவருடைய இடது கால் பலமிழந்து, பாதம் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. அது போலியோவாக இருக்கவேண்டும் என்பதே பின்னால் வந்த மருத்துவர்களின் கணிப்பு.

இங்கே ஒரு சின்ன விளக்கம். தமிழில் போலியோவுக்கு இளம்பிள்ளை வாதம் என்று பெயர். நாம் பேசப்போவது பெருமூளை வாதம். வீட்டில் பாட்டி தாத்தா இரண்டையுமே வாதம் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு. போலியோ ஒரு கிருமி. அது முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்களைத் தாக்கும். தசைக்குக் கட்டளை போய்ச் சேராது, அதனால் தசை தொய்ந்துபோகும். பெருமூளை வாதத்தில் பாதிப்பு மூளையில். அது பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ ஏற்பட்டது. அங்கே பெரும்பாலும் தசை தொய்வதில்லை. அளவுக்கு மீறி இறுகிக்கொள்ளும். லிட்டிலுக்கு இருந்தது முதல் வகை. அவர் பின்னால் ஆயுள் முழுக்கக் கவனித்தது இரண்டாவது வகை. இரண்டிலும் பாதம் ஒரே மாதிரி வளைந்து தெரியலாம். அவரை அந்தப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்த ஒற்றுமைதான்.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் நொண்டி வாத்து. 200 வருஷம் ஆகியும் பள்ளிக்கூடங்கள் இந்த விஷயத்தில் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

அவருடைய பள்ளிப் படிப்பில் ஒரு பகுதி பிரான்சின் செயின்ட் ஓமேர் நகரில் நடந்தது. அங்கே கற்ற பிரெஞ்சு மொழி பின்னால் உதவியிருக்கும். அந்தக் காலத்தில் எலும்பு, மூட்டு பற்றிய புதிய மருத்துவச் சிந்தனைகள் பல பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும்தான் வந்தன. 16 வயதில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அடுத்து லண்டன் மருத்துவமனையில் மாணவர். 1832-இல் அறுவை மருத்துவராகத் தொழில் செய்யத் தகுதி பெற்றார்.

காலும் கூடவே வந்தது. தன் காலை அறுத்துச் சரிசெய்ய முடியுமா என்று அவர் மற்ற மருத்துவர்களிடம் கேட்டார். வேண்டாம் என்றார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

கத்தியைவிடக் காற்றுக்குப் பயந்த காலம்

உங்கள் கணுக்காலுக்குப் பின்புறம் விரல் வைத்துப் பாருங்கள். கயிறு மாதிரி தடிப்பாக ஒன்று இருக்கும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் அது. அது சுருங்கிவிட்டால் குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும், பாதம் தரையில் படியாது. அதை வெட்டி நீளமாக்கினால் பாதம் படியும். கேட்க எளிது.

பிரான்சின் மோம்பெலியே நகரில் டெல்பெக் என்ற அறுவை மருத்துவர் 1816-இல் அதைச் செய்து பார்த்தார். காயத்தில் சீழ் பிடித்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் டெல்பெக் மறுபடி அந்த அறுவையில் கைவைக்கவில்லை. கிருமிதான் சீழுக்குக் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. திறந்த காயத்துக்குள் காற்றுப் போவதுதான் கெடுதல் என்று நினைத்தார்கள். மயக்க மருந்தும் கிடையாது. அறுவை சிகிச்சையில் ஈத்தர் பரவலானது 1846-க்குப் பிறகுதான். நடக்க முடிகிற ஒருவர், கொஞ்சம் நன்றாக நடப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதா? லண்டன் மருத்துவர்கள் தயங்கியதைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து ஒரு செய்தி. ஸ்ட்ரோமயர் என்ற மருத்துவர் தோலைத் திறக்காமலே தசைநாணை வெட்டுகிறார் என்று. மெல்லிய வளைந்த கத்தியைத் தோலில் ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே செலுத்தி, நாணை உள்ளேயே அறுத்துவிட்டு வெளியே எடுத்துவிடுவார். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு காயம்தான். காற்றுப் போகவில்லை, அதனால் சீழ் இல்லை என்று அவர் விளக்கினார். விளக்கம் தப்பு. காயம் சின்னதாக இருந்ததால் கிருமி நுழைய இடம் குறைவு, அதுதான் உண்மைக் காரணம். விளக்கம் தப்பானாலும் பலன் சரியாகத்தான் இருந்தது.

லண்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பணி கிடைக்காமல் போகவே, லிட்டில் மேற்படிப்புக்காக பெர்லின் சென்றார். 1836-இல் அங்கிருந்து ஹனோவர். ஸ்ட்ரோமயர் அவருடைய இடது காலில் அறுவை செய்தது அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி. லிட்டிலுக்கு வயது 25. மயக்க மருந்து இல்லாமல், முழு நினைவோடு.

பல கட்டுரைகள் இந்த இடத்தில் பாதம் நேரானது, அவர் நடந்தார் என்று முடித்துவிடும். கொஞ்சம் நில்லுங்கள். கத்தி வேலை சில நொடிகளில் முடிந்தது, சிகிச்சை முடியவில்லை. வெட்டுப்பட்ட நாணின் இரு முனைகளுக்கும் நடுவே புதிய திசு வளரவேண்டும். அதற்குச் சில நாள் பொறுக்கவேண்டும். அப்புறம் பாதத்தை ஒரு பலகைக் கருவியில் கட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மடக்கவேண்டும். அவசரப்பட்டால் புதிய திசு கிழியும், தாமதித்தால் பழையபடி சுருங்கும். வாரக்கணக்கில் அது நடக்கும். பிறகு நடக்கப் பழகவேண்டும். 20 வருஷத்துக்கும் மேலாக ஒருவிதமாக நடந்து பழகிய உடலுக்கு வேறுவிதமாக நடக்கக் கற்றுத் தரவேண்டும்.

இன்று மறுவாழ்வு சிகிச்சை என்று சொல்கிறோமே, அதை லிட்டில் முதலில் கற்றது நோயாளியாகத்தான்.

அவர் பெர்லின் திரும்பியபோது அங்கிருந்தவர்களுக்கு ஆச்சரியம். முக்கியமாக டிஃபன்பாக். அந்த நகரின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர். லிட்டிலின் காலைப் பார்த்த பிறகு அவரும் அந்த முறையைக் கையில் எடுத்தார். லிட்டில் வளைந்த பாதத்தைப் பற்றியே லத்தீன் மொழியில் ஆய்வேடு எழுதி 1837-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி, லண்டனில் அந்த அறுவையைத் தாமே செய்தார். இங்கிலாந்தில் அதுவே முதல்முறை.

மகன் பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயர் லூயி ஸ்ட்ரோமயர் லிட்டில். தன் காலை நேராக்கியவரின் பெயர். அந்த மகனும் அறுவை மருத்துவராகி, பிற்காலத்தில் ஷாங்ஹாயில் பணியாற்றினார்.

புளூம்ஸ்பரியில் ஒரு மருத்துவமனை

லண்டனில் லிட்டிலைத் தேடி வளைந்த கால்கள் வரத் தொடங்கின. 1839-இல் வளைந்த பாதம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1840-இல் புளூம்ஸ்பரி சதுக்கத்தில், உடல் வளைவுகளுக்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் அவர்தான். சில ஆண்டுகளில் அதற்கு அரச ஆதரவு கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு மருத்துவமனைகளோடு இணைந்து, இப்போது ராயல் நேஷனல் எலும்பியல் மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. முன்பு அவரை அறுவை மருத்துவராக எடுக்காத லண்டன் மருத்துவமனையும் பிறகு அவரை மருத்துவராகச் சேர்த்துக்கொண்டது. பல ஆண்டு அங்கே பணியாற்றினார்.

தம்மிடம் வந்த பிள்ளைகளில் ஒரு பிரிவினர் வித்தியாசமாக இருப்பதை லிட்டில் கவனித்தார். இவர்களுக்கும் குதிகால் தூக்கியிருந்தது. ஆனால் இவர்களுடைய தசை போலியோ பிள்ளைகளின் தசைபோல் தளர்ந்து கிடக்கவில்லை. தொட்டால் விறைப்பாக இருந்தது. காலை நீட்ட முயன்றால் எதிர்த்தது. பிள்ளை பயந்தாலோ அழுதாலோ விறைப்பு கூடியது. தொடைகள் உள்பக்கம் இழுத்துக்கொண்டன. சிலருக்குக் கையும் முறுக்கிக்கொண்டிருந்தது. சிலர் விழுங்கச் சிரமப்பட்டார்கள், வாயில் எச்சில் வழிந்தது, பேச்சு குழறியது. பலர் 3, 4 வயதாகியும் நடக்கவில்லை.

ஏன் அந்த விறைப்பு? இன்றைய விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசைக்கு மூளை இரண்டு வகைச் செய்தி அனுப்புகிறது: இழு, தளர்த்து. மூளையின் அசைவுப் பாதைகள் சேதமானால் தளர்த்தச் சொல்லும் கட்டுப்பாடு குறைந்துவிடும். முதுகுத்தண்டு தன்னிச்சையாகத் தசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூளையில் ஏற்பட்ட சேதம் நாளாக நாளாக வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறதே! எலும்பு நீள்கிறது, எந்நேரமும் இறுகிக் கிடக்கும் தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. போன வருஷப் பள்ளிக் காற்சட்டை இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுவதுபோல. 3 வயதில் நன்றாகப் படிந்த பாதம் 8 வயதில் தூக்கிக்கொள்வது அதனால்தான். சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கும் அதுவே காரணம்.

லிட்டிலிடம் எம்ஆர்ஐ இல்லை, எக்ஸ்ரே இல்லை. நரம்பணு என்பது என்ன என்றே அறிவியல் சரியாக முடிவுக்கு வராத காலம். அவரிடம் இருந்தது இரண்டு. ஒன்று, கை வைத்து உணர்ந்து பார்க்கும் பழக்கம். இன்னொன்று, அம்மாக்களிடம் கேட்கும் கேள்வி: இந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தது?

47 பிள்ளைகள்

பதில்கள் ஒரே மாதிரி வரத் தொடங்கின. மாதம் நிறையுமுன் பிறந்தது. பிரசவம் ரொம்ப நேரம் இழுத்தது. கால் முதலில் வந்தது. பிறந்ததும் அழவில்லை, நீலமாகக் கிடந்தது, செத்துவிட்டது என்றே நினைத்தோம், வெந்நீரில் போட்டுத் தட்டித் தேய்த்து மூச்சு வரவைத்தார்கள்.

இதை ஏன் அதற்கு முன் யாரும் கோத்துப் பார்க்கவில்லை? அந்தக் கால ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். பிரசவம் பெரும்பாலும் வீட்டில். மருத்துவச்சியோ மருத்துவரோ வந்து, பிள்ளை மூச்சு விட்டதும் போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை அது வெற்றி. அந்தப் பிள்ளைக்கு 2 வயதாகியும் உட்காரவில்லை என்பது அவர் காதுக்கு வராது. வேறு மருத்துவரிடம் போகும். அந்த மருத்துவருக்கோ பிரசவத்தில் நடந்தது தெரியாது. முதல் பக்கம் ஒருவர் கையில், கடைசிப் பக்கம் இன்னொருவர் கையில். லிட்டில் இரண்டையும் கேட்டு எழுதி வைத்தார், 20 ஆண்டுக்கும் மேலாக.

1840களிலேயே விரிவுரைகளில் இதைத் தொட்டிருந்தார். 1853-இல் வெளியான நூலிலும் எழுதினார். ஆனால் முழுமையாக எடுத்து வைத்தது 1861 அக்டோபரில், லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில். எங்கே போய்ப் பேசினார் பாருங்கள். எலும்பு மருத்துவர்களிடம் அல்ல, பிரசவம் பார்ப்பவர்களிடம். நீங்கள் காப்பாற்றிய பிள்ளைகளில் சிலருக்குப் பின்னால் என்ன ஆனது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். 47 பிள்ளைகளின் விவரங்களை அட்டவணையாக வைத்திருந்தார்: பிறப்பு எப்படி, எந்தக் கை கால் விறைப்பு, பேச்சு எப்படி, அறிவு எப்படி.

அந்த உரையில் இன்றும் கவனிக்கவேண்டிய விஷயங்கள் உண்டு. மூச்சில்லாமல் பிறந்து பிழைத்த குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தப் பாதிப்பும் இல்லாமல் வளர்கிறார்கள் என்று அவரே தெளிவாகச் சொன்னார். குறைப்பிரசவத்தையும் ஒரு முக்கியக் காரணமாகச் சேர்த்தார். இன்றும் குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அறிவைப் பற்றியும் சொன்னார். விறைத்த கைகால், குழறும் பேச்சு இவற்றைப் பார்த்து அந்தப் பிள்ளைக்குப் புத்தியே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்படி ஒட்டுமொத்தமாக முடிவு கட்ட முடியாது என்பது லிட்டிலின் கருத்து. சிலருக்கு அறிவும் பாதிக்கப்பட்டிருந்தது, சிலருக்கு ஏறக்குறைய எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டியிருந்தது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றும், வாய் பேச முடியாத இளையரோடு கடைக்குப் போனால் கடைக்காரர் கேள்வியைப் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம்தான் கேட்பார்.

சிகிச்சை பற்றியும் அவர் நம்பிக்கையோடு பேசினார். தேய்த்துவிடுதல், குளியல், மூட்டுகளை நீட்டி மடக்குதல், பயிற்சி, தாங்கிகள், தேவைப்பட்டால் தசைநாண் அறுவை. இவற்றைப் பொறுமையாகச் செய்தால், எதற்கும் உதவாது என்று விடப்பட்ட பிள்ளைகள்கூட நடமாடி வாழ்க்கையை அனுபவிக்கும் அளவுக்குத் தேறுவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். குணமாகிவிடும் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை அவர் விடாமல் பிடித்திருந்தார். எனக்கு அவருடைய உரையில் ஆகப் பிடித்த இடமும் அதுதான்.

ஒரு சுவையான தகவலும் உண்டு. அந்த உரையில் ஷேக்ஸ்பியரை இழுத்திருக்கிறார். மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தில், அரைகுறையாக உலகத்துக்கு அனுப்பப்பட்டதாக ரிச்சர்டு தன்னைப் பற்றிப் புலம்பும் இடத்தைச் சுட்டி, குறைப்பிரசவத்துக்கும் உடல் வளைவுக்கும் உள்ள தொடர்பை ஷேக்ஸ்பியர் அறிந்திருக்கிறார் என்றார். நிஜ ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. ஆனால் அந்த வளைவு வளரும் வயதில் வந்தது. லிட்டிலின் நோயறிதல் அங்கே எடுபடவில்லை.

யார் தப்பு?

அவர் சொன்னதில் ஒரு பாதிதான் உலகத்தில் நின்றது. பிரசவத்தில் மூச்சு திணறினால் பெருமூளை வாதம் வரும் என்பது அந்தப் பாதி. பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்ற மறுபாதி காணாமல் போனது. கொஞ்ச காலத்தில் கணக்கு தலைகீழானது: பெருமூளை வாதம் இருந்தால், பிரசவத்தில் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள்.

இதை முதலில் அழுத்தமாகக் கேள்வி கேட்டவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும், வேறு காரணத்துக்காக. சிக்மண்ட் ஃபிராய்டு. மனப்பகுப்பாய்வுக்கு முன் அவர் நரம்பியல் மருத்துவர். வியன்னாவின் குழந்தைகள் மருத்துவ நிலையம் ஒன்றில் இத்தகைய பிள்ளைகளைப் பார்த்துவந்தார். 1897-இல் வெளியான நூலில் அவர் வைத்த வாதம் இது: பிரசவச் சிக்கல் காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை, அதுவே ஒரு விளைவாக இருக்கலாம். கருவிலேயே ஏற்பட்ட ஏதோ ஒரு கோளாறு பிள்ளையின் மூளையையும் பாதித்து, பிரசவத்தையும் சிக்கலாக்கியிருக்கலாம். அப்போது அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை.

பிறகு அமெரிக்காவில் ஒரு மாபெரும் ஆய்வு. 1959 முதல் 1960களின் நடுப்பகுதி வரை 50,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவுசெய்து, பிறந்த பிள்ளைகளை 7 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். லிட்டில் கேட்ட அதே கேள்வி, ஆனால் பிறப்பிலிருந்து முன்னோக்கி. 1986-இல் வெளியான முடிவு பலரை உலுக்கியது. பெருமூளை வாதம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவத்தில் மூச்சுத் திணறல் ஏற்பட்டதற்கு அறிகுறியே இல்லை. அதன் பிறகு பல நாடுகளில் சிசேரியன் பிரசவங்கள் பல மடங்கு கூடின. நிறைமாதக் குழந்தைகளிடையே பெருமூளை வாத விகிதம் அதற்கேற்பக் குறையவில்லை. கருவில் ஏற்படும் தொற்று, பக்கவாதம், மரபணு மாற்றம், மூளை வளர்ச்சிக் கோளாறு என்று பல பாதைகள் இருப்பது இப்போது தெரிகிறது. அநேகருக்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடியாது.

லிட்டில் தவறினாரா? முழுக்க இல்லை. மூச்சுத் திணறல் ஒரு காரணம்தான். அதனால்தான் அப்படிப் பிறக்கும் நிறைமாதக் குழந்தைகளின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை இன்று இருக்கிறது. அவர் பார்த்தது தம்மிடம் வந்தவர்களை மட்டும். அவர் கண்ட தொடர்பு உண்மை, அளவு வேறு.

இது வெறும் மருத்துவ வரலாறு இல்லை. நம்ம வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் சொந்தக்காரர்கள் அம்மாவைத்தான் கேட்பார்கள். மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே? எங்கே விழுந்தே? ஏன் அந்த டாக்டரிடம் போனே? அந்தக் கேள்விகளோடு வருஷக்கணக்கில் வாழும் அம்மாக்கள் உண்டு. அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், 1986-இல் வந்த முடிவை அவர் காதில் போடுங்கள்.

ஒரு சொல்லின் பயணம்

லிட்டில் தம் பிள்ளைகளின் நிலையை ஸ்பாஸ்டிக் விறைப்பு என்று குறித்தார். தசை இறுக்கத்தைக் குறிக்கும் சாதாரண மருத்துவச் சொல். கிரேக்க வேரிலிருந்து வந்தது. செரிப்ரல் பால்சி என்ற பெயரைப் பிரபலப்படுத்தியது வில்லியம் ஆஸ்லர் 1889-இல் வெளியிட்ட நூல்.

ஆனால் மக்கள் வாயில் நின்றது ஸ்பாஸ்டிக்தான். 1952-இல் பிரிட்டனில் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு அதே பெயர். 1957-இல் சிங்கப்பூரில் ஸ்பாஸ்டிக் சிறுவர் சங்கம் தொடங்கியது. மலேசியாவிலும் அதே பெயரில் சங்கங்கள் உருவாயின. அப்போது அதில் யாருக்கும் தயக்கம் இல்லை. அப்புறம் பள்ளி மைதானங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. பந்தைத் தவறவிட்டவனைக் கேலி செய்ய அது போதுமானதாக இருந்தது. 1994-இல் பிரிட்டிஷ் அமைப்பு பெயரை ஸ்கோப் என்று மாற்றியது. சிங்கப்பூர்ச் சங்கம் இப்போது செரிப்ரல் பால்சி அலையன்ஸ் சிங்கப்பூர்.

நொண்டி வாத்து என்று கூப்பிடப்பட்டவர் எழுதிய மருத்துவச் சொல் கடைசியில் இன்னொரு பட்டப்பெயர் ஆகிவிட்டது. அந்தக் கேலியின் பின்னால் ஒரு பிள்ளையின் தசை இருக்கிறது என்பது சொல்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கத்தி குறைந்தது, பயிற்சி கூடியது

லிட்டில் 1884-இல் ஓய்வுபெற்றார். முதுமையில் காது மந்தமானது. கென்ட் கிராமப்புறத்தில் வாழ்ந்து 1894 ஜூலை 7-இல் காலமானார். வயது 83. இன்னொரு மகன் எர்னஸ்ட் முயர்ஹெட் லிட்டிலும் எலும்பியல் மருத்துவரே. 1918-இல் பிரிட்டிஷ் எலும்பியல் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். முதல் உலகப் போரில் கை, கால் இழந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்தும் பணியில் ஈடுபட்டவர்.

தந்தை விட்ட இடத்திலிருந்து சிகிச்சை எங்கே போயிருக்கிறது? வெட்டுவதில் நிதானம் வந்திருக்கிறது. விறைப்புள்ள பிள்ளையின் குதிகால் நாணை அளவுக்கு மீறி நீளமாக்கினால், சில வருஷத்தில் முழங்கால் மடங்கிக் குந்தியபடி நடக்கும் நிலை வரலாம். அது முன்னதைவிட மோசம். அதனால் முடிந்தவரை அறுவையைத் தள்ளிப்போட்டு, நடையைக் கேமராக்கள் வைத்து அளந்து, தேவையான இடங்களில் ஒரே முறையில் செய்வதையே பல மருத்துவமனைகள் விரும்புகின்றன. இடைப்பட்ட காலத்தில் தாங்கிகள், விறைப்பைத் தற்காலிகமாகத் தணிக்கும் போட்டுலினம் ஊசி. இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே. சில பிள்ளைகளுக்கு, விறைப்பைத் தூண்டும் நரம்பு இழைகளை முதுகுத்தண்டருகே தேர்ந்தெடுத்துத் துண்டிக்கும் அறுவை.

பிசியோதெரபியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பிள்ளை படுத்திருக்கும், சிகிச்சையாளர் காலைப் பிடித்து நீட்டி மடக்குவார். அப்படிக் கையால் நீட்டுவது மட்டும் பெரிய பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளை தானே ஒன்றைச் செய்ய முயலவேண்டும், அதையே நூறு தடவை செய்யவேண்டும், அது அந்தப் பிள்ளைக்கு வேண்டிய ஒன்றாகவும் இருக்கவேண்டும். சட்டைப் பொத்தான் போடுவது, படியேறுவது, பந்தை உதைப்பது. ஒரு பக்கக் கை மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, நன்றாக இருக்கும் கையில் உறை மாட்டிவிட்டு மற்றக் கையால் விளையாடவைக்கும் முறையும் உண்டு. முதல் நாள் அழுவார்கள். பெற்றோருக்கு அதைப் பார்க்க மனசு தாங்காது. ஆனால் பலன் இருக்கிறது.

எல்லாரும் நடப்பதில்லை. மருத்துவர்கள் பெருமூளை வாதத்தை அசைவுத்திறன் அடிப்படையில் 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் உள்ளவர் ஓடுவார். 5ஆம் நிலையில் உள்ளவருக்குத் தலையை நிமிர்த்திப் பிடிக்கவே உதவி வேண்டும். அவருக்கு நல்ல மின்சக்கர நாற்காலியும், கண்ணசைவால் இயங்கும் பேச்சுக் கருவியும் கிடைப்பதும் மறுவாழ்வு சிகிச்சைதான்.

ஹனோவரில் லிட்டிலுக்குச் செய்த அறுவை மறையவில்லை. அது அதிகம் பயன்படுவது இப்போது வேறு பிள்ளைகளுக்கு. பிறவியிலேயே பாதம் வளைந்த கைக்குழந்தைகளுக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் பாதத்தை நேராக்கும் பொன்செட்டி முறையில், கடைசிக் கட்டமாக குதிகால் நாணைத் தோல் வழியாக ஒரு சின்னக் கத்தியால் வெட்டுவார்கள். மரத்துப்போகும் மருந்து போட்டு, சில நிமிடத்தில் முடியும். அப்புறம் 3 வாரம் கட்டு. அதன் பிறகு தூங்கும்போது பட்டை வைத்த காலணி, 4 வயது வரை.

அந்தக் காலணியை ஒவ்வொரு ராத்திரியும் மாட்டிவிடுவது வீட்டுக்காரர்களின் வேலை.